ஆக்சிஜன் குமிழைத் திருப்பும் கை

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு நிகழ்ந்த மரணங்களைக் காரணவாரியாகக் கணக்கிட்டபோது, முதலிடத்தில் இதயத் தமனி அடைப்பு நோயும் இரண்டாமிடத்தில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் இருந்தன. 1990-இல் 2 கோடியே 57 இலட்சமாக இருந்த இதய, இரத்தக்குழாய் நோயாளிகளின் எண்ணிக்கை 2016-இல் 5 கோடியே 45 இலட்சமாகியது; புகையிலையும் விறகடுப்புப் புகையும் காற்று மாசும் மூச்சுக்குழல்களை மெல்ல மெல்லக் குறுகச் செய்வதால் வரும் நுரையீரல் அடைப்பு நோயோடு வாழ்பவர்களின் எண்ணிக்கை அதே காலத்தில் 2 கோடியே 81 இலட்சத்திலிருந்து 5 கோடியே 53 இலட்சத்துக்கு உயர்ந்தது. ஒருமுறை மருத்துவமனைக்குச் சென்று திரும்பினால் தீர்ந்துவிடும் நோய்கள் அல்ல இவை. நோயாளியோடு பத்தாண்டும் இருபதாண்டும் உடன்வாழ்ந்து, அவ்வப்போது மூச்சிறைப்பாகவும் கால்வீக்கமாகவும் நெஞ்சுவலியாகவும் தலைதூக்கி, ஒவ்வொரு முறையும் அவரை முன்பைவிடச் சற்றுத் தளர்த்திவிட்டுப் போகின்றன. அந்த நெடிய காலத்தில் மருத்துவர் நோயாளியைப் பார்க்கும் நேரம் நிமிடக்கணக்கில்தான் அமைகிறது என்பதால், மற்ற நேரமெல்லாம் நாடியைப் பிடித்துப் பார்ப்பதும், மருந்தைக் கையில் கொடுப்பதும், நிலைமை மாறும்போது முதலில் கவனிப்பதும் செவிலியரின் பொறுப்பாகின்றன.

இருபத்தொரு வயதில் படிப்பை முடித்து அரசுப் பணியில் சேரும் ஒரு செவிலியர் அறுபது வயதில் ஓய்வுபெறுகிறார். இடைப்பட்ட ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் அவர் கல்லூரியில் கற்றவற்றுள் பல திருத்தப்படுகின்றன; சில தலைகீழாகவே மாறிவிடுகின்றன. மாறியதை அவருக்கு யார், எப்போது, எந்த முறையில் சொல்லித்தருகிறார்கள் என்ற கேள்வி நிர்வாகக் கோப்புக்குரிய சிறு விஷயமாகவே இதுவரை கருதப்பட்டுவருகிறது. உண்மையில் உயிர்கள் அதைச் சார்ந்திருக்கின்றன. இதற்கு ஆக்சிஜனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மூச்சுத்திணறலோடு வருபவருக்கு முகமூடி மாட்டி ஆக்சிஜனை இயன்ற அளவு கூட்டிவைப்பதே நல்ல பராமரிப்பு என்று பல தலைமுறைச் செவிலியர்கள் நம்பிவந்தனர்; நோயாளியின் உறவினர்கள் இன்றும் அப்படியே நம்புகிறார்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் ஆம்புலன்ஸ் பணியாளர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, நுரையீரல் அடைப்பு நோயின் தீவிர நிலை என்று கருதப்பட்ட 405 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கம்போல் மிகுதியான ஆக்சிஜனும், மறு பிரிவுக்கு இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு 88 முதல் 92 சதவீதம் வரை நிற்கும்படி அளந்த ஆக்சிஜனும் கொடுத்துப் பார்த்தது. முதல் பிரிவில் நூற்றுக்கு 9 பேரும் இரண்டாம் பிரிவில் 4 பேரும் இறந்தனர். நுரையீரல் அடைப்பு நோய் உறுதிசெய்யப்பட்டவர்களை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் வேறுபாடு 9-க்கு 2 என்று இன்னும் விரிந்தது. அன்றாடம் கையாளும் ஒரு வாயுவின் அளவைச் சரியாக வைப்பதனால் மட்டும் இத்தனை உயிர்கள் மிஞ்சுகின்றன என்பது மருத்துவ வரலாற்றில் அடிக்கடி காணக்கிடைக்கும் முடிவு அன்று.

இதன் காரணம் உடலியங்கியலில் இருக்கிறது. சேதமுற்ற நுரையீரலில் காற்று சரியாகப் போய்வராத பகுதிகளுக்கு இரத்த ஓட்டத்தைக் குறைத்து, நன்றாக இயங்கும் பகுதிகளுக்கு அதைத் திருப்பிவிடும் ஓர் ஏற்பாட்டை உடல் தானாகவே செய்துகொள்கிறது. அளவுக்கு மீறிய ஆக்சிஜன் உள்ளே சென்றதும் அந்த ஏற்பாடு குலைந்து, பயனற்ற பகுதிகளுக்கும் இரத்தம் பாய, வெளியேற வேண்டிய கார்பன் டை ஆக்சைடு இரத்தத்தில் தேங்குகிறது. சிவப்பணுக்கள் அந்த வாயுவைச் சுமக்கும் திறனும் குறைகிறது. நோயாளி மெல்ல அயர்ந்து கண்மூடுகிறார். விரலில் மாட்டிய கருவி 99 என்று காட்டுகிறது, முகம் சிவந்து தெளிவாகத் தெரிகிறது, பக்கத்தில் இருக்கும் மனைவி ‘இப்பதான் நிம்மதியாத் தூங்குறாரு’ என்கிறார். அது தூக்கமன்று, கார்பன் டை ஆக்சைடின் மயக்கம் என்று அறிந்த செவிலியர் ஒருவர் அந்த வார்டில் அன்றிரவு இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே காலையில் அந்தப் படுக்கையின் நிலை அமைகிறது.

கருவியின் எல்லையை அறிவதும் இதே கல்வியின் பகுதிதான். விரல்நுனியில் ஒளியைப் பாய்ச்சி ஆக்சிஜன் செறிவைக் கணிக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது. ஆனால், தோலின் நிறம் அதன் கணிப்பைப் பாதிக்கக்கூடும் என்பது பலருக்கும் தெரியாது. 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பகுப்பாய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியும் இரத்தப் பரிசோதனையில் செறிவு 88-க்குக் கீழே இருந்த நேர்வுகள் வெள்ளையரிடம் 3.6 சதவீதமாகவும் கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதமாகவும் இருந்தன. கருநிறத் தோல் பெரும்பான்மையாக உள்ள தமிழ்நாட்டுக்கு இது தொலைவான செய்தியாக இருக்க முடியாது. நகச்சாயமும், குளிர்ந்துபோன விரலும், தளர்ந்த இரத்த ஓட்டமும் அளவைத் தவறாகக் காட்டக்கூடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், திரையில் தெரியும் எண்ணை அப்படியே குறித்துவைப்பதற்கும் அந்த எண்ணை நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் இடையே எவ்வளவு தொலைவு உள்ளது என்பது விளங்கும்.

மூச்சு எண்ணிக்கையைப் பற்றியும் இங்கே ஒரு சொல் சொல்லியாக வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு வாங்குகிறது என்பதே நோயாளியின் நிலை சரியப்போவதை முந்திச் சொல்லும் அறிகுறிகளுள் முதன்மையானது. எந்தக் கருவியும் வேண்டாத அளவீடும் அதுவே. மருத்துவ இலக்கியத்தில் ‘புறக்கணிக்கப்பட்ட அளவீடு’ என்று பெயரெடுத்ததும் அதுதான். முழு ஒரு நிமிடம் கையில் கடிகாரத்தோடு நின்று எண்ண நேரமில்லாதபோது, வார்டில் உள்ள எல்லாருடைய தாளிலும் 18 அல்லது 20 என்று எழுதிவிடும் வழக்கம் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. இலண்டன் அரச மருத்துவர் கல்லூரி 2012-இல் வகுத்து 2017-இல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் செறிவு, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நினைவுநிலை, உடல்வெப்பம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் அளித்து, கூட்டுத்தொகை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் செவிலியர் மருத்துவரை அழைத்தே தீர வேண்டும் என்று விதிக்கிறது. கார்பன் டை ஆக்சைடு தேங்கும் நோயாளிகளுக்கென 88–92 என்ற தனி அளவுகோலும் திருத்தப்பட்ட முறையில் சேர்க்கப்பட்டது. இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், கற்றுக்கொடுத்ததோடு நில்லாமல், கற்றதன்படி நடக்கும் உரிமையையும் அந்த முறை செவிலியரின் கையில் கொடுத்துவிடுகிறது.

இனி இந்தியாவில் நடைமுறையில் உள்ள ஏற்பாட்டைப் பார்க்கலாம். இந்தியச் செவிலியர் குழுமத்தின் நெறிமுறைப்படி, பதிவை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் செவிலியர் அக்காலத்துக்குள் 150 மணி நேரத் தொடர் செவிலியக் கல்வியைப் பெற்றிருக்க வேண்டும். எண்ணிக்கையில் இது குறைவானதன்று; பிரிட்டனில் 2016 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மறுபதிவு முறை மூன்றாண்டுகளுக்கு 35 மணி நேரம்தான் கேட்கிறது. ஆனால், அந்த 35 மணியில் 20 மணி பிறரோடு சேர்ந்து பங்கேற்றுக் கற்றதாக இருக்க வேண்டும்; தம் பணியைக் குறித்துப் பெற்ற ஐந்து கருத்துரைகளையும், தம் அனுபவத்தைத் தாமே சீர்தூக்கி எழுதிய ஐந்து குறிப்புகளையும் இணைத்து, மற்றொரு பதிவுபெற்ற செவிலியரோடு அவற்றைப் பற்றி நேரில் உரையாடியிருக்கவும் வேண்டும். நம் நாட்டு ஏற்பாட்டில் மணிநேரமே அளவுகோலாகிவிட்டதால், அரங்கில் அமர்ந்து வருகைப்பதிவேட்டில் கையெழுத்திட்டு, திரையில் ஓடும் படங்களைப் பார்த்துவிட்டு, சான்றிதழோடு திரும்புவதே கல்வி என்று ஆகிவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. அதே சான்றிதழ், இதயச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரிபவருக்கும் மகப்பேறு வார்டில் பணிபுரிபவருக்கும் ஒரே மதிப்பைப் பெறுகிறது.

அரங்கக் கல்வியால் பயனில்லை என்று சொல்வதற்கில்லை. பயன் எவ்வளவு என்பதுதான் கேள்வி. மருத்துவத் துறையினருக்கான கூட்டங்கள், பயிலரங்குகள் பற்றிய 81 ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் வெளியான காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, அவற்றால் பணிமுறையில் ஏற்படும் முன்னேற்றம் இடைநிலை அளவில் 6 சதவீதம் என்று கண்டது. சொற்பொழிவோடு செய்துபார்க்கும் பயிற்சியும் கலந்திருந்தால் பலன் கூடுகிறது என்றும் அது குறித்தது. நின்றுபோன இதயத்தை மார்பில் அழுத்தி இயக்கும் முதலுதவிப் பயிற்சியில் இன்னொரு பாடமும் தெரிகிறது. பயிற்சி முடிந்த அன்று சரியாக இருந்த அழுத்தத்தின் ஆழமும் வேகமும் சில மாதங்களிலேயே மங்கிவிடுகின்றன. இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒரு முழுநாள் பயிற்சி பெறுவதைவிட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வார்டிலேயே பத்து நிமிடம் பொம்மையின் மீது அழுத்திப் பார்ப்பது திறனைக் காக்கிறது. அன்றாடம் சாணைக்கல்லில் தீட்டப்படும் அரிவாளைப் போலத்தான் கைத்திறனும்; ஆண்டுக்கொருமுறை ஆயுதபூசை போட்டு எடுத்துவைத்தால் துருவேறிவிடும்.

கைத்திறனின் நுட்பம் இன்ஹேலரில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. ஆஸ்துமாவுக்கும் நுரையீரல் அடைப்பு நோய்க்கும் அடிப்படையான மருந்து, மூச்சோடு உள்ளிழுக்கப்படும் இந்தச் சிறு கருவியின் வழியாகவே செல்கிறது. நாற்பது ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளை ஒருசேரத் தொகுத்து 2016-இல் வெளியான மதிப்பாய்வு ஒன்று, நோயாளிகளில் 31 சதவீதத்தினரே அதைச் சரியாகப் பயன்படுத்துகிறார்கள் என்றும், நாற்பது ஆண்டுகளாகியும் இந்த விகிதத்தில் முன்னேற்றம் இல்லை என்றும் கண்டது. நோயாளியின் அலட்சியம் என்று இதைக் கடந்துபோக முடியாதபடி, மருத்துவம் சார்ந்த பணியாளர்களைக் குறித்த தனி மதிப்பாய்வு 2018-இல் வந்தது. சொல்லித்தர வேண்டியவர்களில் சரியாகச் செய்துகாட்டத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய 15 சதவீதமே. தெரியாத கை தெரியாத கைக்குச் சொல்லித்தருகிறது.

தமிழ்நாட்டில் இதனோடு ஒரு நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. ‘பம்ப் அடிச்சா பழக்கமாயிடும், அப்புறம் விட முடியாது’ என்று சொல்லி, இளைப்புக்கு மாத்திரையும் ஊசியும் கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பிள்ளைக்கு வரன் பார்க்கும் வீடுகளில் இன்ஹேலர் மறைத்துவைக்கப்படுவதும் உண்டு. ஊசியிலும் மாத்திரையிலும் உடலெங்கும் பரவும் மருந்தில் மிகச் சிறிய பங்கே மூச்சுக்குழலுக்கு நேரே இன்ஹேலரில் செல்கிறது என்பதை விளக்குவது, மருந்தைக் குலுக்குவது, மூச்சை முழுதும் வெளிவிடுவது, அழுத்தும் கணத்தோடு மெதுவாக உள்ளிழுப்பது, பத்து எண்ணும்வரை அடக்கிவைப்பது, ஸ்டீராய்டு மருந்தானால் வாய் கொப்பளிப்பது, ஒருங்கிணைக்க இயலாத முதியவருக்கு இடையில் ஸ்பேசர் என்னும் குழாயைப் பொருத்துவது, பிறகு அவரையே செய்யச்சொல்லி உற்றுப்பார்த்துத் திருத்துவது என்று இத்தனையும் சேர்ந்ததே இன்ஹேலர் கற்பித்தல். பத்து நிமிடம் பிடிக்கும் இந்த வேலை எந்தப் பதிவேட்டிலும் வேலையாகக் குறிக்கப்படுவதில்லை. அதைக் கற்பதற்கும் அரங்கம் தேவையில்லை. மருந்தில்லாத மாதிரிக் கருவி ஒன்றும், நன்கறிந்த மூத்த செவிலியர் ஒருவரும் போதும்.

இத்தகைய கற்பித்தல் இதயச் செயலிழப்பிலும் பலன் தருகிறது. இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுபோவதைக் குறிக்கும் சொல்லன்று. உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தைத் தள்ள முடியாமல் இதயத்தசை தளர்ந்து, நுரையீரலிலும் காலிலும் நீர் கோத்துக்கொள்ளும் நிலை அது. கேரளத்தில் 1,205 நோயாளிகளைப் பின்தொடர்ந்த திருவனந்தபுரம் இதயச் செயலிழப்புப் பதிவேடு, அவர்களில் பத்துக்கு ஆறு பேர் ஐந்தாண்டுக்குள் இறந்ததைக் காட்டியது. பல புற்றுநோய்களை ஒத்த கணக்கு இது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன 282 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 1995-இல் வெளியான ஆய்வில், செவிலியரின் தலைமையில் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் கற்பித்து, உணவையும் மருந்தையும் சீர்செய்து, வீடு திரும்பியபின் விடாமல் தொடர்புகொண்டபோது, தொண்ணூறு நாட்களுக்குள் இதே நோய்க்காக மீண்டும் சேர்க்கப்படுவது 56 சதவீதம் குறைந்தது. கற்பித்தவை எளியவைதாம்: காலையில் எழுந்ததும் எடை பார்ப்பது, உப்பைக் குறைப்பது, மருந்தை நிறுத்தாமல் இருப்பது. மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சாப்பாட்டால் ஏறிய எடையன்று, உடலில் தேங்கிய நீர் என்பதை நோயாளி உணர வேண்டும்.

ஆனால், செயின்ட் லூயிஸ் நகரத்து உணவுப் பட்டியல் நாகப்பட்டினத்துக்கோ தூத்துக்குடிக்கோ உதவாது. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் பழையசோற்றில் அள்ளிப்போடும் உப்பும் எங்கே எவ்வளவு இருக்கின்றன என்று கேட்டு, எதை விடலாம், எதை வாரம் ஒருமுறை வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடிவுசெய்வதற்கு உள்ளூர்த் தமிழும் உள்ளூர் அடுப்படி அறிவும் வேண்டும். ‘படுத்தா மூச்சு முட்டுது, உக்காந்தா தேவல’ என்ற ஒரு வாக்கியத்தில் இதயச் செயலிழப்பின் முக்கிய அறிகுறி முழுமையாக அடங்கியிருப்பதையும், ‘வாயு’ என்று சொல்லி சோடா குடித்துவிட்டு வந்தவரின் நெஞ்செரிச்சலில் மாரடைப்பு ஒளிந்திருக்கலாம் என்பதையும் ஆங்கிலப் பாடநூலிலிருந்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. செவிலியத் தொடர்கல்விக்கான பாடங்கள் தமிழில் எழுதப்பட வேண்டும் என்பது மொழிப்பற்றினால் மட்டும் எழும் கோரிக்கையன்று. நோயாளி பேசும் மொழியில்தான் நோயின் அறிகுறிகள் வெளிப்படுகின்றன.

கல்வி பணியோடு இணைந்திருக்க வேண்டும் என்ற வாதத்தைத் தமிழ்நாட்டில் நன்றாக நடந்தவற்றைக் கொண்டே நிறுவ முடியும். சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டிலிருந்தே மருந்துண்ட ஏழை நோயாளிகளும் சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே குணமடைந்தனர் என்று 1959-இல் காட்டி, உலகின் காசநோய்ச் சிகிச்சையை வார்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. அதே துறையில் 2022 ஏப்ரலில் தொடங்கிய ‘தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம்’, நோய் கண்டறியப்பட்டதும் உயரத்துக்கேற்ற எடை, கால்வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் செறிவு, துணையின்றி எழுந்து நிற்கும் ஆற்றல் ஆகிய சிலவற்றை மட்டும் பார்த்து, ஆபத்தான நிலையில் உள்ளவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கும்படி வகுக்கப்பட்டது. இங்கே பயிற்சியும் பணியும் இரண்டாகப் பிரிந்து நிற்கவில்லை. கற்றுக்கொண்ட ஐந்து அளவீடுகளை அடுத்த நாளே செய்து, அவற்றின் அடிப்படையில் ஒரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கிறது.

மாரடைப்பிலும் இதே நிலைதான். சிறு மருத்துவமனைகளைப் பெரிய இதய மருத்துவமனைகளோடு இணைத்து, முதலில் இரத்தக்கட்டியைக் கரைத்து, பிறகு அனுப்பிவைக்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டில் 2,420 நோயாளிகளிடம் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. நெஞ்சுவலியோடு வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டும் என்பது விதி. அதை எடுப்பவர் பெரும்பாலும் செவிலியரே. மார்பில் நான்காம் விலா இடைவெளியில் ஒட்ட வேண்டிய முதல் இரு மின்முனைகளை ஓர் இடைவெளி மேலே ஒட்டிவிட்டால், இல்லாத மாற்றம் தோன்றவும் இருக்கும் மாற்றம் மறையவும் கூடும். நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து அந்தப் படத்தைப் பார்க்கும் நிபுணருக்கு அது தெரிய வழியில்லை. 2023-இல் அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம், மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் கிடைக்கச் செய்திருக்கிறது. மருத்துவர் அருகில் இல்லாத துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியர், எது நெஞ்சுவலி, எது அவசரம், யாருக்கு இந்த மாத்திரையைக் கொடுக்கக் கூடாது என்று தெளிய வேண்டியவராகிறார். தாய்சேய் நலத்துக்காகவே பயிற்றுவிக்கப்பட்டுப் பணியில் சேர்ந்தவர் அவர். மாத்திரை போய்ச் சேர்ந்த வேகத்தில் கல்வியும் போய்ச் சேர வேண்டும்.

தடைகள் பெரும்பாலும் பாடத்திட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. விடுப்பு நாளில் வரச்சொல்லி நடத்தும் வகுப்பும், இரவுப்பணி முடித்த காலையில் உட்காரவைக்கும் வகுப்பும் கல்வியாகா. ஒருவர் பயிற்சிக்குச் சென்றால் அவருடைய வார்டைப் பார்க்க மாற்றாள் வேண்டும். மாற்றாள் இல்லாத இடத்தில் மேற்பார்வையாளர் யாரையும் விடுவிப்பதில்லை, அவரைக் குறைசொல்லவும் முடியாது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை பெற்ற 4,22,730 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு, ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால் இறப்பின் வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது என்றும், பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10 சதவீதம் கூடினால் அது 7 சதவீதம் இறங்குகிறது என்றும் கண்டது. ஆள்பலத்தையும் கல்வியையும் எதிரெதிரே வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தொகுப்பூதியத்தில் பணிபுரியும் செவிலியர்களின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். நிரந்தரப் பணியாளருடன் ஒரே வார்டில் அதே ஆக்சிஜன் குமிழைத் திருப்புகிறவர்கள் அவர்கள்; நாளைய பணியே உறுதியில்லாதவரிடம் நாற்பதாண்டுக்கான கல்வியைப் பற்றிப் பேசுவது எப்படிப் பொருந்தும்? இருபது, முப்பது படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனைகளில் பணிபுரிபவர்களுக்கு வகுப்பு எடுக்கவே ஆள் கிடையாது. அத்தகைய மருத்துவமனைகளை மாவட்ட அரசு மருத்துவமனையோடு இணைத்து, வாரம் ஒருமுறை காணொலியில் ஒரு நோயாளியின் நிலையை முன்வைத்துக் கலந்துபேசும் முறை செலவு குறைந்தது. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003-இல் கல்லீரல் நோய்க்காகத் தொடங்கிய அந்த வழி இந்தியாவிலும் பல துறைகளில் பரவியிருக்கிறது.

இன்னொரு வழக்கமும் மாற வேண்டும். இதயத் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஆறு மாதம் பழகி, திரையில் ஓடும் அலைகளைப் படிக்கத் தெரிந்துகொண்ட ஒருவரைச் சுழற்சி முறை என்ற பெயரில் கண் வார்டுக்கு மாற்றிவிட்டு, அவ்விடத்தில் புதியவரை நிறுத்துவதால் இருவர் பெற்ற கல்வியும் வீணாகிறது. சுழற்சியை அடியோடு விடுவது நியாயமாகாது. ஆனால், எவர் எதைச் செய்யத் தேர்ந்தவர் என்ற குறிப்பு அவருடைய பணிப்பதிவேட்டில் இருந்து, பணியிட மாற்றத்தின்போது அது பார்க்கப்பட வேண்டும்.

1947-ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் குழுமச் சட்டத்துக்கு மாற்றாக, தேசியச் செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023-இல் நிறைவேற்றியது. பதிவுப் புதுப்பிப்பின் விதிகளைப் புதிதாக எழுத இதைவிடப் பொருத்தமான தருணம் இல்லை. 150 மணி நேரம் என்ற எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அதில் பாதியேனும் பணிநேரத்துக்குள், வார்டுக்குள், மூத்த செவிலியர் ஒருவரின் கண்முன்னே செய்துகாட்டியதாக இருக்க வேண்டும் என்று விதித்தால் போதும். அப்போது புதுப்பிப்புப் படிவத்தில் சான்றிதழ்களின் எண்ணிக்கையைக் கேட்கும் கட்டத்துக்குப் பக்கத்தில், கடந்த ஓராண்டில் எத்தனை நோயாளிகளுக்கு இன்ஹேலரைச் செய்துகாட்டித் திருத்தினார், எத்தனை பேருக்கு ஆக்சிஜன் செறிவை 88–92 என்ற அளவில் நிலைநிறுத்தினார், முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணியதை உடனிருந்து பார்த்துக் கையெழுத்திட்டவர் யார் என்று கேட்கும் கட்டங்களும் இடம்பெறும்.